பாடுவது எதற்காக? கிறிஸ்தவ வழிபாட்டில் இசை கடந்துவந்த பாதை



எங்கள் வானொலியின் நேயர்களில் சைவர்கள் இருக்கிறார்கள், கத்தோலிக்கர் இருக்கிறார்கள், புரட்டஸ்தாந்து சபைகளைச் சேர்ந்தோரும் இருக்கிறார்கள். இந்த மாதப் பேச்சு கிறிஸ்தவ வழிபாட்டில் இசையின் இடம் பற்றியது என்றாலும், அது எல்லோருக்கும் உரியது என்றே நினைக்கிறோம். தேவாரத்தைப் பண்ணோடு கேட்டு வளர்ந்தவர்களுக்குக் கடவுளை ஏன் பாடவேண்டும் என்று எவரும் விளக்கத் தேவையில்லை. ஆனால் கிறிஸ்தவத் திருச்சபையின் வரலாற்றில் இந்தக் கேள்வி பலமுறை எழுந்திருக்கிறது. யார் பாடுவது, எந்த மொழியில் பாடுவது, எந்த இராகத்தில் பாடுவது, பாடத்தான் வேண்டுமா என்றெல்லாம் பெரிய சண்டைகள் நடந்திருக்கின்றன. அந்தச் சண்டைகளில் நாடிழந்தவர்களுக்கும் அகதிகளுக்கும் ஒரு முக்கிய பங்கு இருந்தது. அதனால்தான் இந்த விடயத்தை இங்கே எடுத்துக்கொண்டோம்.

ஒரு விசாரணை அறிக்கை

கிறிஸ்தவர்கள் கூடிப் பாடியதைப் பற்றி வெளியார் எழுதிய மிகப் பழைய சாட்சியம் ஓர் அரசாங்க அதிகாரியின் விசாரணை அறிக்கை. ஏறக்குறைய கி.பி. 112ஆம் ஆண்டு, இன்றைய துருக்கியின் வடபகுதியில் இருந்த பித்தினியா மாகாணத்தை ஆண்ட பிளினி என்ற உரோம அதிகாரி, பேரரசர் திராயானுக்கு ஒரு கடிதம் எழுதினார். கிறிஸ்தவர்கள் என்று குற்றஞ்சாட்டப்பட்டோரை விசாரித்ததாகவும், அடிமைப் பெண்கள் இருவரைச் சித்திரவதை செய்து கேட்டதாகவும் அதில் சொல்கிறார். விசாரணையில் தெரியவந்தது என்ன? இவர்கள் குறித்த ஒரு நாளில் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைத் தெய்வமாகப் போற்றி, மாறிமாறிப் பாடுகிறார்கள் என்பதுதான்.

விசாரணை அறைகளைப் பற்றி அறிந்த எங்கள் சமூகத்திற்கு இந்தக் கடிதத்தை விளங்கிக்கொள்வது கடினமல்ல. அவர்களிடம் கோயில் இல்லை, வாத்தியம் இல்லை, பயிற்சி பெற்ற பாடகரும் இல்லை. அவர்களை ஒரு கூட்டம் என்று அடையாளம் காட்டியது அந்தப் பாட்டு. 'நாங்கள் ஒருவரோடொருவர் இருக்கிறோம்' என்று சொல்வதற்கு அது வழியாக இருந்தது.

மிலானில் ஒரு முற்றுகை

அடுத்த காட்சி இத்தாலியின் மிலான் நகரில், 386ஆம் ஆண்டு. அங்கு ஆயராக இருந்தவர் புனித அம்புரோசியார். இளம் பேரரசனின் தாயான யுஸ்தீனா, தன் பிரிவினருக்கு ஒரு தேவாலயத்தை விட்டுக்கொடுக்கும்படி கேட்டாள். ஆயர் மறுத்தார். படையினர் சூழ்ந்தார்கள். மக்கள் தங்கள் ஆயரோடு சேர்ந்து சாகவும் தயாராகத் தேவாலயத்திற்குள்ளேயே இரவு பகலாகக் காத்திருந்தார்கள். அந்த வேளையில், துயரத்தில் மக்கள் சோர்ந்துவிடக்கூடாது என்பதற்காகக் கீழைத்தேய சபைகளின் முறைப்படி எல்லோரும் சேர்ந்து பாடும் வழக்கம் அங்கே தொடங்கப்பட்டது. இதை எழுதி வைத்தவர் புனித அகுஸ்தீனார். அவருடைய தாய் மோனிக்காவும் அந்தக் கூட்டத்தில் விழித்திருந்தவர்களுள் ஒருவர்.

பாட்டின் பயனை இதைவிடத் தெளிவாகச் சொல்லமுடியாது. தனியாக இருக்கும்போது வரும் பயத்தை, சேர்ந்து பாடும்போது தாங்கிக்கொள்ள முடிகிறது. பதுங்குகுழிக்குள் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு செபமாலை சொன்னவர்களுக்கும், தேவாரம் முணுமுணுத்தவர்களுக்கும் இது தெரியும்.

ஆனால் அதே அகுஸ்தீனாருக்கு ஒரு சந்தேகமும் இருந்தது. பாடப்படும் பொருளைவிடப் பாடும் குரல் தன்னை அதிகமாக மயக்கும்போது தான் தவறு செய்வதாக உணர்கிறேன் என்று தன் நூலில் ஒப்புக்கொள்கிறார். இசையை நிறுத்திவிடலாமா என்றுகூட யோசிக்கிறார். ஆனால் தான் மனம்மாறிய நாட்களில் அந்தப் பாடல்களைக் கேட்டு அழுதது ஞாபகத்திற்கு வர, வேண்டாம், இருக்கட்டும் என்று முடிக்கிறார். இசை வழிபாட்டுக்கு உதவுகிறதா, அல்லது வழிபாட்டின் இடத்தைத் தான் பிடித்துக்கொள்கிறதா என்ற இந்தக் கேள்வி பின்னர் வந்த எல்லாச் சண்டைகளுக்கும் அடியில் கிடக்கிறது.

நிறுத்தியவரும் திறந்துவிட்டவரும்

பின்வந்த நூற்றாண்டுகளில் மேற்கு ஐரோப்பாவில் வழிபாட்டு மொழி இலத்தீனாகவே நின்றது. பாடுவது பெரும்பாலும் குருமாருக்கும் துறவியருக்கும் பயிற்சி பெற்ற பாடகர் குழுவினருக்கும் உரியதாயிற்று. அந்த இசை மிக உயர்ந்த கலை. ஆனால் கோயிலில் நின்ற விவசாயிக்கும் கைவினைஞனுக்கும் அது விளங்கவில்லை, அவர்கள் அதில் சேர்ந்துகொள்ளவும் வழி இருக்கவில்லை.

யேர்மனியில் மார்ட்டின் லூதர் இந்தக் கதவைத் திறந்தார். இறையியலுக்கு அடுத்த இடம் இசைக்கு என்று கருதியவர் அவர். 1524ஆம் ஆண்டு வெளிவந்த முதலாவது லூதரன் பாட்டுப் புத்தகத்தில் இருந்தவை எட்டே எட்டுப் பாடல்கள். அவற்றில் பாதி லூதர் எழுதியவை. பேசுகின்ற யேர்மன் மொழியில், எல்லோரும் பிடித்துப் பாடக்கூடிய மெட்டுக்களில் அவை அமைந்தன.

அதே 1524இல் சூரிச் நகரத்தில் நடந்தது இதற்கு நேர்மாறானது. உல்ரிக் சுவிங்கிளி பல வாத்தியங்களை வாசிக்கத் தெரிந்தவர், தானே பாட்டு இயற்றியவர். ஆனால் அவருடைய சீர்திருத்தத்தின்போது தேவாலயங்களில் ஓர்கன் ஒலி நிறுத்தப்பட்டது. 1527இல் பெரிய தேவாலயத்தின் ஓர்கன் உடைத்து அகற்றப்பட்டது. செபம் உள்ளத்தில் நடக்கவேண்டியது, வழிபாட்டில் வேதம் கட்டளையிடாத எதுவும் வேண்டாம் என்பது அவர் கொள்கை. சூரிச் தேவாலயங்களில் மீண்டும் பாட்டு ஒலித்தது 1598இல். இன்று அந்த நகரத்தில் வாழும் எங்கள் மக்கள், ஆலயங்களில் இசை நிரம்பி வழிவதைக் கேட்கும்போது, ஏறக்குறைய எழுபத்தைந்து ஆண்டுகள் அங்கே பாட்டே இல்லாத வழிபாடு நடந்தது என்பதை நம்புவது சிரமம்.

அகதிகளின் பாட்டுப் புத்தகம்

மூன்றாவது வழி அகதிகளிடமிருந்து வந்தது. பிரான்சை விட்டுத் தப்பிவந்த யோன் கல்வின், 1538இல் ஜெனீவாவிலிருந்தும் வெளியேற்றப்பட்டு ஸ்ராஸ்பூர்க் நகரத்திற்குப் போனார். அங்கே அவர் பொறுப்பேற்றது பிரெஞ்சு அகதிகளின் ஒரு சிறிய சபை. யேர்மன் மொழி பேசும் ஊரில், தங்கள் மொழியில் பாட அவர்களிடம் புத்தகம் இருக்கவில்லை. 1539இல் அவர்களுக்காக ஒரு சிறிய புத்தகம் அச்சாயிற்று. வேதாகமத்தின் சங்கீதங்கள் சிலவற்றைப் பிரெஞ்சுச் செய்யுளாக்கி மெட்டமைத்த புத்தகம் அது. கல்வின் ஜெனீவாவுக்குத் திரும்பிய பின்னர் அந்த வேலை தொடர்ந்து, 1562இல் 150 சங்கீதங்களும் நிறைவடைந்தன.

வாத்தியம் கிடையாது, பல குரல் இசை கிடையாது. ஆண்களும் பெண்களும் பிள்ளைகளும் ஒரே மெட்டை ஒரே குரலில் பாடவேண்டும். மெட்டுக்களில் பலவற்றை அமைத்த லூயி பூர்ஷ்வா, தெரிந்த மெட்டுக்களை அனுமதியில்லாமல் மாற்றினார் என்று 1551இல் சிறையில் போடப்பட்டார். மக்கள் மனதில் பதிந்துவிட்ட மெட்டு அவ்வளவு பெரிய பொதுச் சொத்தாகக் கருதப்பட்டது.

பிரான்சிலிருந்த ஊகனோத்தர் எனப்படும் புரட்டஸ்தாந்தினர் இந்தச் சங்கீதங்களைத் துன்புறுத்தலின் நடுவில் பாடினார்கள். வெளியிடங்களில் அவற்றைப் பாடுவதே குற்றமாக்கப்பட்ட காலம் வந்தது. 1685இல் அவர்களுக்கு இருந்த கடைசிச் சட்டப் பாதுகாப்பும் நீக்கப்பட, பல்லாயிரக்கணக்கானோர் நெதர்லாந்து, இங்கிலாந்து, சுவிற்சர்லாந்து, பிரண்டன்பூர்க் என்று சிதறிப்போனார்கள். நகையும் நிலமும் விட்டுப்போனவர்கள் மனப்பாடமாகக் கொண்டுபோனவை இந்தப் பாட்டுக்கள்.

பிறகு நடந்ததுதான் நாம் கவனிக்கவேண்டியது. 1700ஆம் ஆண்டளவில் இலண்டனிலும் சுற்றுப்புறத்திலும் இருபதுக்கும் மேற்பட்ட பிரெஞ்சுச் சபைகள் இருந்தன. சில தலைமுறைகளில் பிள்ளைகள் ஆங்கிலம் பேசினார்கள், ஆங்கிலச் சபைகளில் கலந்தார்கள். பிரிக் லேனில் 1743இல் அவர்கள் கட்டிய தேவாலயம் 1898இல் யூதர்களின் தொழுகைக்கூடமாகி, 1976இல் பள்ளிவாசலாகியது. பிரெஞ்சு மொழி வழிபாடு இன்று அந்நகரில் மிகச் சிலருக்கே உரியது. ஆனால் 1551இல் ஜெனீவாவில் வெளிவந்த ஒரு மெட்டு, மற்றோர் அகதிக் கூட்டமான ஆங்கிலேயப் புரட்டஸ்தாந்தினரால் நூறாம் சங்கீதத்திற்கு எடுக்கப்பட்டு, இன்றுவரை உலகெங்கும் பாடப்படுகிறது. மொழி போனாலும் மெட்டு நின்றது. இதை ஆறுதலாகவும் எடுக்கலாம், எச்சரிக்கையாகவும் எடுக்கலாம்.

தமிழுக்கு எந்த மெட்டு?

இனி எங்கள் மொழிக்கு வருவோம். 1706ஆம் ஆண்டு ஜூலை மாதம் சீகன்பால்கு ஐயர் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். சில ஆண்டுகளில் அங்கே தமிழ் அச்சுக்கூடம் இயங்கத் தொடங்கிற்று. யேர்மன் பாடல்கள் தமிழில் மொழிபெயர்க்கப்பட்டு, யேர்மன் மெட்டுக்களிலேயே பாடப்பட்டன. இவற்றை ஞானப்பாட்டுகள் என்றார்கள். பக்தி நிறைந்த வேலை. ஆனால் ஓர் இடையூறு இருந்தது. தமிழில் குறிலும் நெடிலும் பொருளையே மாற்றும். குறில் வரும் இடத்தில் அந்நிய மெட்டு நீண்டால் 'படு' என்பது 'பாடு' என்று கேட்கும், 'கல்' என்பது 'கால்' ஆகிவிடும். சொல் ஒரு பக்கம் இழுக்க மெட்டு இன்னொரு பக்கம் இழுத்தது.

இதைத் தீர்த்துவைத்தவர்களுள் முதன்மையானவர் தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864). பின்னாளில் நாவல் எழுதிய மாயூரம் வேதநாயகம்பிள்ளை வேறு, இவர் வேறு. திருநெல்வேலியில் பிறந்த இவரைச் சிறுவனாகவே சுவார்ட்ஸ் ஐயர் தஞ்சாவூருக்கு அழைத்துவந்து படிப்பித்தார். பின்னர் மன்னரான இரண்டாம் சரபோஜியும் சுவார்ட்ஸ் ஐயரின் பாதுகாப்பில் வளர்ந்தவர். தியாகராஜரும், முத்துசுவாமி தீட்சிதரும், சியாமா சாஸ்திரிகளும் வாழ்ந்த காலம், அவர்கள் வாழ்ந்த பிரதேசம். அந்தக் காற்றைச் சுவாசித்த சாஸ்திரியார், கர்நாடக இராகங்களில் கிறிஸ்தவக் கீர்த்தனைகளை எழுதினார். குறத்தி குறிசொல்லும் பழைய நாடக வடிவத்தை எடுத்துப் 'பெத்லகேம் குறவஞ்சி' இயற்றினார்.

கீர்த்தனையின் அமைப்பே ஒரு கருத்தைச் சொல்கிறது. சரணத்தைத் தெரிந்தவர் பாடுவார். பல்லவிக்கு எல்லோரும் திரும்பி வருவார்கள். எழுத்து வாசிக்கத் தெரியாதவரும் இரண்டாவது தடவையில் சேர்ந்துகொள்ளலாம். லூதர் புத்தகத்தால் செய்ததைக் கீர்த்தனை பல்லவியால் செய்தது.

ஆனால் 1820களில் வந்த புதிய தலைமுறை மிசனரிமார் பலருக்கு இந்த இசை பிடிக்கவில்லை. கோயில் வாசனையும் சதிர்க்கச்சேரி வாசனையும் வீசுவதாக அவர்கள் நினைத்தார்கள். சாஸ்திரியார் கடுமையாக எதிர்த்து எழுதினார். தமிழ்ப் பாட்டை வழிபாட்டிலிருந்து அகற்றுவது தம் சபைக்கு இழைக்கப்படும் கொடுமைகளில் ஒன்று என்றார். மிசனில் தன் பதவியை இழந்த அவருக்குச் சரபோஜி மன்னரின் அரண்மனைதான் ஆதரவு தந்தது.

இந்த இடத்தில் கதையை நிறுத்திக் கைதட்டிவிடலாம். ஆனால் வரலாறு அவ்வளவு இலகுவானதல்ல. அதே எழுத்தில் சாஸ்திரியார் இன்னொன்றையும் கொடுமை என்று குறிப்பிட்டார். வெவ்வேறு சாதியினரைத் தேவாலயத்தில் ஒன்றாக இருத்துவதுதான் அது. தமிழ் இராகத்தைக் காத்த அதே கை, சாதிப் பிரிவினையையும் காக்க முயன்றது. மெட்டு வெளிநாட்டுடையது என்று மறுத்த மிசனரிமாரோ, அந்த ஒரு விடயத்தில் சரியான பக்கத்தில் நின்றார்கள். 1833இல் கல்கத்தா ஆயர் டானியேல் வில்சன், சபைகளில் சாதி வேறுபாடு கூடாது என்று கட்டளை அனுப்பியபோது தஞ்சாவூரில் பலர் சபையை விட்டே விலகினார்கள்.

இதை இங்கே சொல்லக் காரணம் உண்டு. யாழ்ப்பாணத்துத் தேவாலயங்களும் இந்த நோயிலிருந்து தப்பியவை அல்ல. எங்கள் பாரம்பரியத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோம் என்று சொல்லும்போது, பெட்டிக்குள் என்னென்ன இருக்கிறது என்று திறந்து பார்த்துத்தான் கொடுக்கவேண்டும். ஒரே குரலில் பாட வேண்டுமென்றால் முதலில் ஒரே வாங்கில் இருக்கவேண்டும்.

கீர்த்தனைகள் தோற்கவில்லை. 1853இல் மதுரை அமெரிக்க மிசனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் ஐயர், சாஸ்திரியாரின் கீர்த்தனைகளையும் வேறு பலருடையவற்றையும் திரட்டிச் சபைகளுக்கான நூலாக வெளியிட்டார். வயது முதிர்ந்த காலத்தில் சாஸ்திரியார் அதைக் காணக் கொடுத்துவைத்திருந்தது. இன்று தமிழ்ப் புரட்டஸ்தாந்துச் சபைகளில் ஒரே ஆராதனையில் பாமாலையும் பாடுவார்கள், கீர்த்தனையும் பாடுவார்கள். ஒருகாலத்தில் சண்டையிட்ட இரண்டும் அருகருகே இருக்கின்றன.

அழுவதற்கும் ஒரு பாட்டு

கத்தோலிக்கரின் கதை வேறு பாதையில் சென்றது. ஒல்லாந்தர் ஆட்சியில் இலங்கையில் கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டிருந்தது. 1687இல் யோசேவாஸ் அடிகளார் மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்து, சில்லாலை மக்களின் பாதுகாப்பில் பணியாற்றினார். 1705இல் கோவையிலிருந்து, அதாவது கோவாவிலிருந்து வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் எழுதிக் குவித்தார். அவருடைய வியாகுல பிரசங்கம் தவக்காலத்தில் இராகத்தோடு வாசிக்கப்படும் நூல். குருவானவர் எப்போதாவது இரவில் ஒளிந்து வரும் காலத்தில், ஊர் மூப்பரும் அண்ணாவிமாரும் மக்களைக் கூட்டி வாசிப்பதற்கும் பாடுவதற்கும் இப்படியான நூல்கள் உதவின.

அந்த வாசிப்பில் எங்கள் ஒப்பாரியின் சாயல் உண்டு. மகனை இழந்த மரியாளின் துயரத்தைக் கேட்டு, பிள்ளையை இழந்த தாய்மார் தங்கள் துயரத்தையும் சேர்த்து அழுதார்கள். துக்கத்திற்கு ஓர் ஒழுங்கு கொடுப்பதும், அதைத் தனியே சுமக்கவிடாமல் செய்வதும் இசையின் பணிதான். முள்ளிவாய்க்காலுக்குப் பின் இது யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

பூசை மொழி இலத்தீனாகவே இருந்துவந்தது. 1963ஆம் ஆண்டு டிசெம்பர் 4ஆம் திகதி இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாடு பற்றிய தன் ஏட்டை வெளியிட்டது. திருவிசையின் நோக்கம் இறைவனின் மகிமையும் விசுவாசிகளின் அர்ச்சிப்பும் என்று அது வரையறுத்தது. ஒவ்வொரு மக்களினத்தின் இசை மரபுக்கும் உரிய இடம் கொடுக்கவேண்டும் என்றும் சொன்னது. பின்னர் பூசை தமிழானது. ஆலயங்களில் மிருதங்கமும் வயலினும் ஆர்மோனியமும் ஒலித்தன. 1965இல் மரிய சேவியர் அடிகளார் தொடக்கிய திருமறைக் கலாமன்றம், கூத்து மெட்டையும் திருப்பாடுகளின் காட்சியையும் ஒன்றுசேர்த்து யாழ்ப்பாணத்து மேடைகளில் நிறுத்தியது. சைவரும் கத்தோலிக்கரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து அவற்றைப் பார்த்தார்கள்.

இந்த நாட்டில் எங்கள் பாட்டு

வேதாகமத்தின் 137ஆம் சங்கீதம் நாடுகடத்தப்பட்டவர்களின் பாட்டு. பாபிலோனியர் பிடித்துச் சென்ற யூதர்களிடம், உங்கள் ஊர்ப் பாட்டொன்று பாடுங்கள் என்று கேட்கிறார்கள். வேடிக்கைக்காகப் பாடமுடியாது என்று அவர்கள் யாழை மரத்தில் தூக்கிவிடுகிறார்கள். அந்நிய மண்ணில் எப்படிப் பாடுவது என்ற ஏக்கமே ஒரு பாட்டாகி, இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளாகப் பாடப்படுவது ஆச்சரியமான விடயம்.

நாங்களும் பாடிக்கொண்டுதான் இருக்கிறோம். யேர்மனியின் கெவெலார் மாதாவிடமும், சுவிற்சர்லாந்தின் மரியஸ்ரைன் மாதாவிடமும் ஆண்டுதோறும் தமிழர் திரளும்போது, மடுவில் கேட்ட பாட்டுக்கள் அங்கே கேட்கின்றன. மடுவைப் போலவே அங்கும் சைவர்கள் வருகிறார்கள். வாடகைக்கு எடுத்த தேவாலயங்களில் ஞாயிறு பின்னேரங்களில் கீர்த்தனை ஒலிக்கிறது.

ஆனால் முன்வரிசையில் நின்று பாடும் பிள்ளைகளின் கையில் உள்ள தாளைப் பார்த்திருப்பீர்கள். தமிழ்ப் பாட்டு இலத்தீன் எழுத்தில் அச்சாகியிருக்கும். குரல் அருமையாக இருக்கும், என்ன பாடுகிறோம் என்று கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரியாது. இதற்காகப் பிள்ளைகளைக் குறைசொல்ல வேண்டாம். அவர்கள் பாட வந்ததே பெரிய விடயம். ஆனால் புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது, ஆவியோடு பாடினால் போதாது, கருத்தோடும் பாடவேண்டும் என்று வற்புறுத்துகிறார். லூதர் இலத்தீனை விட்டு யேர்மனுக்கு வந்ததும் இதற்காகத்தான். விளங்காத இலத்தீனின் இடத்தில் விளங்காத தமிழை வைத்தால், நாங்கள் பழைய இடத்திற்கே திரும்பிப் போகிறோம்.

செய்யக்கூடியவை சிறிய வேலைகளே. பாட்டுத் தொடங்குமுன் ஒரு நிமிடம், அதன் பொருளைப் பிள்ளைகளின் மொழியில் ஒருவர் சொல்லலாம். சரணங்களைப் பெரியவர்கள் எடுத்துக்கொண்டு, பல்லவியையாவது பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தில் கற்றுக்கொடுக்கலாம். பசாம் வாசிக்கத் தெரிந்த, பழைய மெட்டுத் தெரிந்த அம்மம்மாவும் அப்பப்பாவும் வீட்டிலிருந்தால், இந்த வாரமே அவர்கள் குரலைப் பதிவுசெய்து வையுங்கள். புத்தகத்தில் சொல் இருக்கும், மெட்டு இருக்காது. மெட்டு மனிதரோடு இருக்கிறது, மனிதரோடு போய்விடும்.

சைவ நேயர்களும் தங்கள் வீட்டுத் தேவாரத்திற்கு இதையே செய்யலாம். பிளினியின் கைதிகளும், மிலானில் விழித்திருந்தவர்களும், ஸ்ராஸ்பூர்க்கின் அகதிகளும் சேர்ந்து பாடியதால்தான் சேர்ந்து நின்றார்கள். எங்கள் பிள்ளைகளும் பொருள் தெரிந்து எங்களோடு சேர்ந்து பாடட்டும்.

அடுத்த மாதப் பேச்சில் மீண்டும் சந்திப்போம்.